பழைய பேஸ் கிட்டாரின் விலை

கணவரின் வைத்தியத்துக்கே எல்லாம் போய், அவரும் போய்ச் சேர்ந்த பின் பெரம்பூர் பெர்னிஸுக்கு மிஞ்சியது அவர் வாசித்த பேஸ் கிட்டார்தான். அதையும் விற்க இசைக்கருவிக் கடைக்குக் கொண்டுபோனாள்.

முதலாளி துரைக்கண்ணு உதட்டைப் பிதுக்கினார். "உடம்பெல்லாம் கீறல்மா. புதுசுக்குத்தான் விலை. இது விறகுக்குச் சமம்."

"சரி சார். சுரண்டிட்டுப் புது பெயிண்ட் அடிச்சுக் கொண்டுவரேன். புதுசாயிடும்ல?"

"ஐயையோ, தொட்டுடாதீங்க! பழைய பெயிண்ட் போனா விலை பாதியாயிடும்!"

"எதுல பாதி சார்? விறகு விலையிலயா?"

கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தக் காலத்து கிட்டாருக்குப் பழைய பெயிண்ட்தான் மதிப்பு என்பதை உளறி, தன் வாயாலேயே மாட்டிக்கொண்ட முதலாளி அதன் முழு விலையையும் கொடுத்தார். அந்தப் பணத்துக்குப் புதுசு மூன்று வாங்கலாம்.

பெர்னிஸ் படியிறங்கினாள். உள்ளே யாரோ அதை வாசித்துப் பார்த்தார்கள். கணவர் படுக்கையில் விழுந்ததிலிருந்து அவள் கேட்காத சத்தம். நடுத்தெருவில் நின்று விம்மி விம்மி அழுதாள்.