நாலு தடவை மறுத்த நரி

சீன தேசத்து மூங்கில் காடு ஒன்றில் ஒரு நரி இருந்தது. அங்கே ராஜாக்கள்தான் மாறுவார்கள், மந்திரி எப்போதும் நரிதான்!

முதலில் ஓநாய் ஆண்டது. அதன் கொடுமை தாங்காத மிருகங்களைக் கிளப்பிவிட்டு, பாண்டாக் கரடியை அரசனாக்கியது நரி. பாண்டாவும் வந்த புதிதில் ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு, காட்டிலுள்ள மூங்கில் குருத்தெல்லாம் தனக்கே என்றது. நரி மறுபடியும் எல்லோர் காதையும் கடித்தது. பாண்டாவை மலைக்கு அப்பால் விரட்டிவிட்டார்கள்.

"இனி எதற்கு இன்னொருவன்? நானே ராஜா!" என்று நரி முடிவு கட்டியது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ராஜாவாகிறவர் கூப்பிட்டவுடனே சிம்மாசனப் பாறையில் ஏறிவிடக் கூடாது. மூன்று தடவை, "எனக்குத் தகுதியில்லை" என்று மறுக்க வேண்டும். நாலாவது தடவை கேட்டால், போனால் போகிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஓநாய்கூட அப்படித்தான் ஏறி உட்கார்ந்தது!

மிருகங்கள் பாறையடியில் கூடின.

"நரியாரே, நீங்கதான் ராஜா!" என்றது முயல்.

"ஐயையோ, நானா? எனக்கு ஏது அந்தத் தகுதி!"

முயல் மறுபடியும் கேட்டது. நரி காதைப் பொத்திக்கொண்டது. மூன்றாவது தடவை கேட்டதும் பொலபொலவென்று கண்ணீர் விட்டது. வாத்துகளும் சேர்ந்து தேம்பின.

அதைப் பார்த்த நரிக்குத் தலைகால் புரியவில்லை. 'மற்றவர்கள் மூன்று தடவைதான் மறுத்தார்கள். நான் நாலு தடவை மறுத்தால், பேரன் பேத்தி காலத்திலும் என் புகழைப் பாடுவார்களே!'

முயல் நாலாவது தடவையும் கேட்டது.

நரி மாரில் அடித்துக்கொண்டது. "வேண்டவே வேண்டாம்! ரெண்டு ராஜாவோட உப்பைத் தின்னுட்டு ரெண்டு பேரையும் கவுத்தவன் நான். கோழிக்குஞ்சைப் பார்த்தா என் வாயில எச்சில் ஊறும். என்னைப் போய் நம்பலாமா?"

வாத்துகள் சட்டென்று அழுகையை நிறுத்தின.

"மூணு தடவை சொன்னா சம்பிரதாயம்," என்றது முயல் மெதுவாக. "நாலாவது தடவையும் சொல்றார்னா, நிஜமாத்தான் சொல்றார்!"

"விவரமாவும் சொல்றார்!" என்று காட்டுக்கோழி தன் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டது.

நரி பதறிக்கொண்டு முன்னால் ஓடி வந்தது. "இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்!"

யாரும் கேட்கவில்லை. எல்லோரும் குளத்தோரம் இருந்த ஆமையின் பக்கம் திரும்பினார்கள். "ஆமையாரே, நீங்க ராஜாவா இருக்கீங்களா?"

"இருக்கேனே!" என்றது ஆமை, ஒரு தடவைகூட மறுக்காமல். "நான் அக்கிரமம் பண்ணினா என்னை மல்லாக்கப் புரட்டிப் போட்டுடுங்க. முயல்குட்டிகூடப் புரட்டிடும். அதுக்குச் சதியும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்."

எல்லோரும் சிரித்துக்கொண்டே ஆமையைப் பாறைமேல் தூக்கி வைத்தார்கள். வயிறு எரிந்தாலும், நரி பல்லைக் காட்டிக்கொண்டு கிட்டே போனது.

"மகாராஜா, அந்த மந்திரி பதவியாவது எனக்கு...?"

"அடடா! தகுதியில்லைன்னு நீங்களே அழுது அழுது சொன்னீங்களே! பெரியவங்க பேச்சை நான் தட்டலாமா?" என்றது ஆமை.

பதவி ஆசையை நெஞ்சில் ஒளித்துவைத்துப் பணிவு நடிக்கிறவர்களை, அவர்களுடைய வாயே ஒருநாள் கவிழ்த்துவிடும்.