யார் வீட்டு வேட்டி

கோட்டைக் கொட்டடிக்குக் காவல் சடைமாயன். ஐம்பத்தெட்டு வயது, முறுக்கு மீசை, பாளையக்காரர் கையால் வாங்கிய தலைப்பாகை, இடுப்பில் சாவி. அவருடைய குருவுக்கு முப்பது வயதுதான் ஆகிறது. பெயர் வடிவாத்தாள், புண் வைத்தியம் பார்ப்பவள்.

போன சண்டையில் அழுகவிருந்த அவர் காலை வெட்டாமல் காப்பாற்றிக் கொடுத்தாள். அந்தக் காலாலேயே நடந்துபோய், "எனக்கும் இந்த வேலையைச் சொல்லிக் கொடுங்க தாயி" என்று அவள் வாசலில் நின்றார். ஊர் சிரித்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு வருஷமாகப் பச்சிலை அரைக்கிறார், திட்டு வாங்குகிறார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் சாவு விழுந்தால், செத்தவர் உடுத்திய துணியை வெளுத்து மூன்றாம் நாள் வைத்தியசாலைக்குக் கொடுத்துவிடுவார்கள். அதைக் கிழித்துத்தான் காயங்களுக்குக் கட்டுப் போடுவது. துணியின் ஓரத்தில் வீட்டுக்கு ஒன்றாகச் சலவைக்குறி இருக்கும். அந்தக் குறி வெளியே தெரியும்படி கட்ட வேண்டும். புண் ஆறியதும் குறிக்குரிய வீட்டார் வந்து முடிச்சை அவிழ்த்து, ஆறியவருக்கு ஒரு கலயம் கஞ்சி கொடுப்பார்கள். அந்தக் கஞ்சி உள்ளே இறங்கும்போதுதான் செத்தவரின் பசி அடங்கும் என்று நம்பினார்கள். அதுவரை வைத்தியக் கையும் அந்த வீட்டுக் கையும் தவிர, வேறு கை முடிச்சைத் தொடக்கூடாது. தொட்டவன் வீட்டுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள்.

அக்கரைப் பாளையத்தோடு சண்டை மூண்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர்களுடைய ஆட்கள் ஒன்பது பேர் காயத்தோடு பிடிபட்டுக் கொட்டடியில் கிடந்தார்கள். நம் ஆட்கள் சிலர் அக்கரையில் கிடந்தார்கள். சடைமாயனின் மகன் வீரணன் அதில் ஒருவன். அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

நான்கு நாள் முன்பு ஆற்றில் ஒரு பரிசல் மிதந்து வந்தது. அதில் உலகப்பன் மகன் பூவையன் பிணமாகக் கிடந்தான். இரண்டு கைகளும் இல்லை.

ஊர் கொதித்தது. கொதித்ததைக் குற்றம் சொல்ல முடியாது. ஒன்பது பேர் கையையும் வெட்டு என்று சந்தையில் கத்தினார்கள், கோயிலில் கத்தினார்கள். எதிரிக்குக் கட்டுப் போடுகிறவளுக்குத் துணி கிடையாது என்று முடிவு செய்தார்கள். கண்மாய்க் கரை உடைந்தபோதுகூட ஊரை ஒரு வார்த்தை கேட்காத பாளையக்காரருக்கு, இந்த வாரம் ஊர்ச் சொல்லின்மேல் திடீரென்று மரியாதை வந்துவிட்டது. ஊர் கேட்டதைக் கொடுத்துவிடு என்று உத்தரவு போட்டார்.

விடிந்து ஒரு நாழிகை ஆகியிருக்கும். சடைமாயன் கொட்டடிக்குள் நுழைந்தார். வடிவாத்தாள் தவசி என்கிற கைதியின் தொடைக் காயத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஈட்டி கிழித்த இடம், ஒரு முழ நீளம்.

"தாயி, உத்தரவு வந்திருச்சு."

"என்னவாம்?"

"ஒன்பது பேரையும் ஒப்படைக்கணுமாம். கைக்குக் கை. ஊரே கெளம்பி வந்துக்கிட்டு இருக்கு."

"இந்தக் காலைப் பிடிங்க மாயண்ணே. ஆட்டுறான்."

"சாவியைக் கொடுக்கறதா வேணாமான்னு கேக்க வந்தேன்."

"மொதல்ல காலைப் பிடிங்க."

பிடித்தார். தவசி பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். வீரணன் வயசுதான் அவனுக்கும் இருக்கும். அது சடைமாயனுக்குப் பிடிக்கவில்லை.

"தாயி, இவனுக்கு நீங்க கட்டுப் போட்டா, அங்க என் வீரணனுக்கு எவளாச்சும் கட்டுப் போடுவாளா?"

"தெரியாது."

"போடுவான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சு போயிருவீங்க?"

"பூவையன் கையில்லாமத்தானே வந்தான். தெரியாததை நான் எப்படிச் சொல்ல?"

சடைமாயனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது.

"அப்புறம் எதுக்கு இதெல்லாம்? ஊரே ஒரு பக்கம் நிக்குது. நீங்க ஒருத்தி ஒரு பக்கம் நிக்கிறீங்க. ஊரைவிடப் பெரியவளா நீங்க?"

"கூடையில துணி இருக்கு பாருங்க. அதை எடுங்க."

கூடையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வேட்டி. எடுத்து ஓரத்தைப் பார்த்தார். ஒரு பிறை, பக்கத்தில் மூன்று புள்ளி.

"உலகப்பன் வீட்டுக் குறி!"

"ஆமா."

"பூவையன் வேட்டி!"

"ஆமா. நேத்து அவங்க ஆத்தா கொண்டாந்து கொடுத்தாங்க."

"இதையா இவனுக்கு? வேணாம் தாயி. உங்களை உசுரோட விடமாட்டாங்க."

வடிவாத்தாள் வேட்டியை வாங்கிக் கிழித்தாள். மருந்து வைத்துச் சுற்றினாள். குறியை மேலே கொண்டுவந்தாள்.

"கடைசி முடிச்சை நீங்க போடுங்க. ரெண்டு வருஷமாக் கத்துக்கிறீங்களே."

வெளியே சத்தம் கேட்டது. சடைமாயன் எப்படியோ ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்து, கதவை வெளியே பூட்டி வாசலில் நின்றார்.

முன்னூறு பேர் இருக்கும். முன்னால் உலகப்பன் அரிவாளோடு நின்றார். நான்கு நாளாகச் சாப்பிடாத முகம். பாளையக்காரரின் ஆள் ஒருவன் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தான்.

"சாவியைக் கொடு மாயா."

கொடுத்துவிடலாம் என்றுதான் சடைமாயன் நினைத்தார். வாய் வேறு சொன்னது.

"கொடுக்கறதா இல்ல."

"உன் மகனும் அங்கதானே கெடக்கான்? உனக்கு ரோசம் இல்ல?"

சாவியைக் கையால் மூடிக்கொண்டார். பின்னாலிருந்து குரு குரல் கொடுத்தாள்.

"கதவைத் தொறந்து விடுங்க மாயண்ணே. எல்லாரும் பாக்கட்டும்."

தவசியைத் தோளில் தாங்கிக்கொண்டுவந்து வாசற்படியில் உட்காரவைத்து, காலை வெளிச்சத்தில் நீட்டிவிட்டாள். பிறையும் மூன்று புள்ளியும் பளிச்சென்று தெரிந்தன.

உலகப்பன் பார்த்தார்.

"என் பிள்ளை வேட்டியை எவன் காலுலடி கட்டியிருக்க?"

"கொடுத்தவங்க என்ன சொல்லிக் கொடுத்தாங்கன்னு கேளுங்க."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பூவையனின் தாய் அங்கம்மா வந்தாள். வேட்டியைப் பார்த்தாள், தவசியின் முகத்தைப் பார்த்தாள்.

"பெரிய புண்ணாப் பாத்துக் கட்டு தாயின்னு சொன்னேன்."

"பாத்தேன். வைத்தியசாலையில நம்ம ஆளுங்க பதினாலு பேரு படுத்திருக்காங்க. ஒருத்தருக்கும் இத்தனை பெரிய புண் இல்ல."

"அவிழ்த்து எறிங்கடா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "ஆமா, ஆமா!" என்று நூறு குரல்.

வடிவாத்தாள் படியில் ஏறி நின்றாள்.

"தாராளமா அவிழ்க்கலாம். ஆனா அவிழ்க்கிறது அந்த வீட்டுக் கை, ஊர்க் கை இல்ல. உலகப்பண்ணே, நீங்க வாங்க. இப்ப அவிழ்த்தா ரத்தம் நிக்காது, உச்சிப்பொழுதுக்குள்ள போயிருவான். உங்களுக்கு வெட்டுற வேலை மிச்சம். உள்ள இன்னும் எட்டுப் பேர் இருக்காங்க, எட்டுப் பேர் மேலயும் குறி இருக்கு. முன்னாடி நீங்க கொடுத்த துணிதான், கஞ்சி இன்னும் பாக்கி. உங்க அப்பன் துண்டு எது, உங்க ஆத்தா சேலை எதுன்னு பாத்து எடுத்துக்கிட்டுப் போங்க. கூட்டமா வராதீங்க. ஒவ்வொரு வீடா வாங்க."

முன்வரிசையில் இருந்த ஒருவன் மெல்லப் பின்வரிசைக்குப் போனான்.

உலகப்பன் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டார். முடிச்சின்மேல் கை வைத்தார். தவசி கண்ணை மூடிக்கொண்டான். கிழவரின் விரல் முடிச்சை விட்டு நகர்ந்து பிறையைத் தடவியது. மகன் இடுப்பில் இருந்த வேட்டி அது. அதன்மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார்.

அங்கம்மா அவரை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள்.

"லேசாக் கெடக்கே. இப்படியா கட்டுறது?"

இரண்டு முனையையும் பிடித்து இழுத்து இறுக்கினாள். சடைமாயன் தலையைக் குனிந்துகொண்டார்.

"உன் மூஞ்சியைப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுது" என்று தவசியிடம் சொன்னாள். "ஆனா என் பிள்ளை பசியோட அலையக் கூடாது. சீக்கிரம் ஆத்திக்க. கஞ்சி நான்தான் கொண்டாரணும்."

எழுந்து புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கூட்டம் வழிவிட்டது, பிறகு மெதுவாகக் கலைந்தது. மனசு மாறிப் போனவர்களும் உண்டு, முணுமுணுத்துக்கொண்டே போனவர்களும் உண்டு. போகிறபோக்கில் ஒருவன் எறிந்த கல் வடிவாத்தாளின் தோளில் பட்டது. பாளையக்காரரின் ஆள், ஊர் இப்போது என்ன சொல்கிறது என்று யாரிடம் கேட்பதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

பிற்பகலில் சடைமாயன் அவள் தோளுக்குப் பற்று அரைத்தார். நெடுநேரம் அரைத்த பிறகு கேட்டார்.

"தாயி, அங்கம்மா அவிழ்த்திருந்தா?"

"திரும்பக் கட்டியிருப்பேன்."

"அவிழ்த்த துணியைத் திரும்பக் கட்டக் கூடாதே. கூடையும் காலி. ஊரும் இனிமே கொடுக்காது. எதை வச்சுக் கட்டுவீங்க?"

வடிவாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன் மாயண்ணே, நான் உடுத்தியிருக்கறது என்ன, வாழை எலையா?"

சடைமாயன் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு, அதன் ஓரத்தில் தன் வீட்டுக் குறியைத் தேடினார்.