கரையின் முதுகு

ஒரு காலத்தில் நாலு குடும்பங்கள் சேர்ந்து ஓடையை மறித்து ஒரு கரை போட்டன. தண்ணீர் தங்கியது, ஏரி ஆயிற்று. கரைக்குக் கீழே நாலு குடிசைகள் முளைத்தன. அன்றைக்கே கரையின் மனதில் சந்தேகமும் முளைத்துவிட்டது.

"எந்நேரமும் என்மேல் ஏன் சாய்கிறாய்?" என்று ஏரியைக் கேட்டது.

"சாயாமல் எப்படி நிற்பது? நான் தண்ணீர்."

"பேச்சைப் பார். என்னைத் தள்ளிவிட்டு அந்தக் குடிசைகள்மேல் பாயத்தானே?"

ஏரி கரையோரமாக மெல்ல அலையடித்தது. அதுவும் கரைக்குப் பிடிக்கவில்லை.

கோடையில் ஏரி வற்றினால் வீட்டுக்கு ஒருவர் உள்ளே இறங்கி, வண்டலை வாரிக் கரைமேல் கொட்டி மிதிப்பார்கள். கரையிலேயே பொங்கல் வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். ஊர் பெருகியது. குடிசைகள் தெருவாயின. கோயிலும் பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் வந்தன. கரைக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாம் தன் பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டு, ஏரியை விட்டுக் கண்ணை எடுக்காமல் காவல் நின்றது.

பிறகு மாடிவீடு கட்டும் காலம் வந்தது. வண்டல் வாருவது நின்றுபோனது. வீட்டின் கடைக்கால் நிரப்பவும் வாசலை மேடாக்கவும் நல்ல மண் வேண்டும். வண்டலைப் போட்டால் காய்ந்து வெடிக்கும். கரை மண்ணோ கெட்டியாக, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஊரார் ஆளுக்குக் கொஞ்சமாகக் கரையின் முதுகில் வெட்டினார்கள். கன்னியப்பனும் மண்வெட்டியோடு வந்தான்.

"கரையப் போயி வெட்டுறியே, யாராச்சும் கேட்டா?" என்றாள் அவன் மனைவி பூங்காவனம்.

"இம்மாம் பெரிய கரை. நாம எடுக்கறதுலதான் கொறஞ்சிடப் போவுதா? யாரு எடுக்கல சொல்லு."

கரைக்கு முதுகு குறுகுறுத்தது.

"ஏய், கசிந்து கசிந்து பின்பக்கமாக அரிக்கிறாயா?" என்று ஏரிமேல் பாய்ந்தது.

"நான் இல்லை. ஒரு தடவை திரும்பித்தான் பாரேன்."

"நான் திரும்ப வேண்டும், நீ பாய வேண்டும். நன்றாக இருக்கிறது உன் கணக்கு."

கரை திரும்பவில்லை. என்ன செய்வது, அதன் புத்தி அப்படி.

ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. ஏரி விளிம்புவரை ஏறியது. கரையில் கசிவு கண்டதும் கன்னியப்பன் கூடையோடு ஓடிவந்தான். அள்ளிப் போட எங்கும் மண் இல்லை, வயலெல்லாம் தண்ணீர். அவன் தெருவில் நின்று கத்தினான்.

"வாசல் மேட்ட வெட்டிக் குடுங்கய்யா. கரை போவுது."

"மொதல்ல உன் வாசல வெட்டு," என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"நான் எடுத்தது ஒரு வண்டி. வடக்குத் தெருக்காரன் வண்டி வண்டியா எடுத்தானே, அவனப் போயி கேளு," என்றார் அடுத்த வீட்டுக்காரர்.

கன்னியப்பன் தன் வாசலைப் பார்த்தான். யாராவது முதலில் வெட்டட்டும் என்று அவனும் நின்றான்.

இந்தப் பேச்சு காதில் விழுந்துதான் கரை முதன்முதலாகத் திரும்பிப் பார்த்தது. முதுகெல்லாம் பள்ளம். அதற்கு அழுகை வந்துவிட்டது.

"உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன்," என்றது ஏரியிடம். "கொஞ்சம் பின்வாங்கிக்கொள்ள மாட்டாயா? கீழே பிள்ளைகள் இருக்கிறார்கள்."

"முடிந்தால் செய்ய மாட்டேனா?" என்றது ஏரி. கரை சரியத் தொடங்கியிருந்தது. "உன்னை நம்பித்தானே இத்தனை காலம் இங்கே தங்கினேன். நீ போய்விட்டால் ஏரி என்று எனக்கு ஏது பேர்?"