ஒன்பது கிராம் சர்க்கரை

நல்லசிவத்தின் கோபம் அந்தக் குடிலில் பெயர்போனது. அவர் பாத்திரம் கழுவினால் மலைப்பாதையில் ஏறுகிறவர்களுக்குக் கூடக் கேட்கும். கோபத்தைத் தொலைக்கத்தான் சீடராக வந்து சேர்ந்தார். ஏழு மாதத்தில் தொலைந்தது என்னவோ இரண்டு அண்டா மூடிகள்தான்.

குரு தவமணி அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. சீடருக்கு ஐம்பத்தாறு. பார்க்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. அம்மாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

தினமும் ஒரே கேள்விதான்.

"அம்மா, இந்தக் கோபம் எப்பத் தீரும்?"

"யார் மேல கோபம்?"

"கம்பெனி மேலதான். வேற யார் மேல?"

பிறகு ஆரம்பித்துவிடுவார். இருபத்திரண்டு வருடம் ஓர் ஐஸ்கிரீம் கம்பெனியில், உறையின் மேல் என்னென்ன அச்சாக வேண்டும் என்று எழுதிக்கொடுக்கும் வேலை பார்த்தவர். சாக்கோபாரின் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"உள்ள பாலே கிடையாதும்மா, பாமாயில்! மேல பூசியிருக்கிறது சாக்லேட்டா? கெட்டிக் கொழுப்புல கோகோ தூளைக் கலந்து வச்சிருக்கான். குழந்தைங்க நக்கித் திங்குதும்மா. மனுசனா அவன்?"

கேட்டவர்களுக்கு வயிறு எரியும். இப்படிப்பட்ட வேலையை உதறிவிட்டு வந்தவர் என்று அவர்மேல் மதிப்பும் கூடும். அம்மா மட்டும், "சரி, போய் மீதிப் பாத்திரத்தைக் கழுவுங்க" என்பார்.

ஒருநாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"கோபம் பாவம்னு சொல்லித் திட்டவாவது செய்யுங்களேம்மா."

"யார் சொன்னா பாவம்னு? எனக்கே நிறைய வருது."

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாளில், நல்லசிவத்தின் அக்கா செண்பகவல்லி தம்பியைப் பார்க்க வந்தார். கையில் ஊன்றுகோல். சர்க்கரை வியாதியில் இடது காலில் இரண்டு விரல்களைப் போன வருடம் எடுத்துவிட்டார்கள். அந்தக் காலோடு, கீழே கடையில் மூன்று சாக்கோபார் வாங்கி, ஐஸ்கட்டி வைத்து ஈரத்துண்டில் சுற்றிக்கொண்டு ஏறி வந்திருந்தார்.

"இது எதுக்குக்கா?" என்றார் நல்லசிவம்.

"உனக்குப் பிடிக்குமேடா. சாமியாராப் போயிட்டா நாக்கு செத்துடுமா?"

தம்பிக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று கீழே வைத்துவிட்டு, மூன்றாவதைப் பிரித்துக் கடிக்கத் தொடங்கினார். பார்க்கச் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது.

"அக்கா, உங்களுக்குச் சர்க்கரை இருக்குன்னு தம்பி சொன்னாரே. இது சாப்பிடலாமா?" என்று கேட்டார் அம்மா.

"தினம் ஒண்ணு சாப்பிடுறேம்மா, ரெண்டு வருசமா. டாக்டர் கத்துறார்தான். அவருக்கு என்ன தெரியும்? காப்பியில சர்க்கரையை நிறுத்திட்டேன். பாயசம் தொடுறதில்ல. என் மகன் கல்யாணத்துல ஒரு ஜாங்கிரி வாயில வச்சிருப்பேனா? இது ஒண்ணுதான் வச்சுக்கிட்டேன். இதுலயும் ஒன்பது கிராம்தான். இந்தா, போட்டிருக்கு பாருங்க."

உறையின் முன்பக்கம் பச்சை வட்டம் ஒன்று. அதற்குள் கட்டை விரல் பருமனில் எழுதியிருந்தது: வெறும் 9 கிராம் சர்க்கரை.

"வேற யாராவது எழுதியிருந்தா நம்ப மாட்டேன். எழுதினது என் தம்பி" என்றார் செண்பகவல்லி.

"அப்படியிருந்தும் விரல் போயிடுச்சே?"

"என் தலையெழுத்து. எங்கேயோ வாயைக் கட்டாம விட்டிருக்கேன். மருமக சொல்லுறா, அத்தைக்கு நாக்கு நீளம்னு. சரிதானேன்னு நானும் கேட்டுக்கிறேன்."

அம்மா அந்த உறையை வாங்கிப் பின்பக்கம் திருப்பினார். கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். அம்மாவின் முகம் சிவப்பதை இந்த ஏழு மாதத்தில் நல்லசிவம் இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"நல்லசிவம், இதை வாசிங்க."

வாசித்தார். "சக்தி, நூத்திப் பதினெட்டு கிலோ கலோரி. மொத்தக் கொழுப்பு எட்டு கிராம். சர்க்கரை ஒன்பது கிராம்."

"அப்புறம்?"

"அவ்வளவுதாம்மா."

"கீழே ஒரு வரி இருக்கே."

"எறும்புக் கால் மாதிரி இருக்கு. கண்ணாடி இல்லாமத் தெரியல."

கண்ணாடி அவர் மூக்கின்மேல்தான் இருந்தது.

தெரியாமல் என்ன? அந்த வரியை எழுதியதே அவர்தான். 'ஒருமுறை உண்ணும் அளவு: அரை பார்.' முன்பக்கம் பதினெட்டு கிராம் என்று போட்டால் விற்காது என்று மேலதிகாரி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, "பாதிக்குக் கணக்குக் காட்டினா ஒன்பதுதானே சார்?" என்று கேட்ட புத்திசாலி இவர். மேலதிகாரி இவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். இவரும் அன்றைக்குப் பூரித்துப்போய்த்தான் வீட்டுக்குப் போனார். உலகத்தில் எவன் ஐஸைப் பாதி தின்றுவிட்டு மீதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் அதை அரைக் குச்சி ஐஸில் மறைத்தவர்.

அம்மா தனக்கு வைத்திருந்த சாக்கோபாரைப் பிரித்தார். நடுவில் ஒடித்தார். குச்சியோடு இருந்த பாதியை நல்லசிவத்தின் வலது கையில் கொடுத்தார். மீதிப் பாதியை இடது உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தக் கையில இருக்கிறது ஒன்பது கிராம். அந்தக் கையில இருக்கிறது என்ன?"

அவர் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார். வெயில் சும்மா இருக்குமா? இடது கையில் இருந்தது இளகி, மணிக்கட்டில் இறங்கி, முழங்கை வழியாகச் சொட்டியது.

செண்பகவல்லி சிரித்தார். "என்ன விளையாட்டும்மா இது? வீணா உருகுதே. எங்கிட்டக் கொடுடா, நான் சாப்பிடுறேன்."

கையை நீட்டினார். நல்லசிவம் வெடுக்கென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம்க்கா."

"ஏண்டா?"

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்னை எதுக்குப் பாக்குறீங்க? கம்பெனிக்காரன் எவனும் இங்க இல்ல. கேக்கிறது உங்க அக்கா. பதில் சொல்லுங்க."

"ஒன்பது... பாதிக்குக்கா. முழுசுக்குப் பதினெட்டு."

செண்பகவல்லிக்கு உடனே விளங்கவில்லை. கையில் மிச்சமிருந்த வெறும் குச்சியைப் பார்த்தார்.

"யார் அப்படிப் போட்டது?"

"நான்தான்."

"விரலை எடுத்தப்ப ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதியே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"அதுக்கப்புறமும் நான் தின்னுக்கிட்டுத்தாண்டா இருந்தேன்."

"கம்பெனியில சண்டை போட்டு வேலையை விட்டுட்டேன்க்கா."

"எங்கிட்டச் சொன்னியா?"

அவர் தரையில் சொட்டியிருந்ததைப் பார்த்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடா?"

செண்பகவல்லி சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அன்றைக்குக் குடிலே கேட்டது. அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் கத்தியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். செண்பகவல்லி ஊன்றுகோலை ஓங்கித் தம்பியின் தோளில் ஒன்று வைத்தார். ஊன்ற ஒன்றுமில்லாமல் தானே தடுமாறித் தூணைப் பிடித்துக்கொண்டார். வாய் நிற்கவில்லை.

"தலையெழுத்துன்னு நெனச்சேனேடா! வாயைக் கட்டத் துப்பில்லாதவள்னு என்னை நானே திட்டிக்கிட்டேனேடா! நாக்கு நீளம்னு அவ சொன்னப்ப ஆமான்னு தலையாட்டினேனேடா! நீ இங்க வந்து கண்ணை மூடிக்கிட்டு உக்காந்துட்ட. யாரைடா நெனச்சு உக்காந்த?"

நல்லசிவம் நின்றார். இரண்டு கையிலும் பிசுபிசுப்பு. ஈ மொய்க்கத் தொடங்கியிருந்தது. அடி விழுந்த தோள் வலித்தது. அதைவிட, அக்கா அழாமல் கத்துவதுதான் தாங்கவில்லை. அழுதிருந்தால் தானும் கூடவே அழுது சமாளித்திருப்பார்.

மெல்ல அம்மாவின் பக்கம் நகர்ந்தார்.

"அம்மா, அக்காவுக்குக் கோபம் தலைக்கேறிடுச்சு. உடம்புக்கு ஆகாது. நீங்க கொஞ்சம் சமாதானம் சொல்லிக்கிட்டிருங்க. நான் போய்க் கையைக் கழுவிட்டு வந்துடுறேன்."

"ஏழு மாசமா உங்க கோபத்தை நான் கேட்டேன்" என்றார் தவமணி அம்மா. "இப்ப அவங்க கோபத்தை நீங்க கேளுங்க. பாதியில போகாதீங்க."