ஒடிந்த முனை

பண்ணையார் சிங்காரம் தன் மடக்குக்கத்தியை வேலைக்காரி வேலம்மாளின் முகத்துக்கு நேரே நீட்டினார். முனை ஒடிந்திருந்தது.

"நீதான் உடைச்சே. ஒடிஞ்ச முனையைக் கொண்டு வா. இல்லேன்னா குடிசையைக் காலி பண்ணு!"

வேலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "கொண்டு வந்தா எல்லாருக்கும் காட்டலாமா, ஐயா?"

"ஊரையே கூட்டிக் காட்டு!"

கூட்டினாள். "தடிச்ச அலகுன்னா நெம்பினாலும் தாங்கும். இது பழம் நறுக்குற மெல்லிசு அலகு, ஒடிஞ்சுபோச்சு. ஐயா எதை நெம்பினார்னு பாருங்க" என்று, பண்ணையாரின் விதவைத் தங்கை கோமளத்தின் நகைப்பெட்டியை நடுவில் வைத்தாள். பூட்டுத் துளையில் முனை மின்னியது. காலையில் பெட்டியைத் துடைக்கும்போதே அதைப் பார்த்திருந்தாள்.

"நகைக்கு நான் காவல்னு சொன்னியே அண்ணா, இதுதானா காவல்?" என்று சீறிய கோமளம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஊரார் பார்த்திருக்க, அண்ணன் வீட்டுப் படியிறங்கினாள்.