நாச்சி அளந்த குவியல்

மனிதரும் மாடும் எறும்பும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு கம்மாய்க்குத் தெற்கே, கம்பு விளையும் காட்டின் வரப்பில், பெரிய எறும்பு வளை ஒன்று இருந்தது.

அந்த வளையில் இருந்த எல்லோருக்கும் ஒரே தாய். ஆத்தா என்று கூப்பிடுவார்கள். மற்ற அத்தனை பேரும் அக்கா தங்கைகள். ஆத்தா வெளியே வரமாட்டாள். நடு அறையில் படுத்து முட்டையிட்டுக்கொண்டே, வருகிறவர்களிடம் வளையின் நிலவரத்தைக் கேட்டுக்கொள்வாள். மற்றவர்கள் காட்டுக்குப் போய், உதிர்ந்து கிடக்கும் கம்பைத் தூக்கி வந்து கீழறையில் குவிப்பார்கள். மழைக்காலம் முழுக்க அந்தக் குவியலை நம்பித்தான் எல்லோரும் இருக்க வேண்டும்.

ஒரு வருஷம் விளைச்சல் மோசமாகப் போயிற்று. குவியல் சிறுத்ததும் அக்கா தங்கைகளுக்குள் பேச்சு தடித்தது. நாங்கள்தான் நிறையக் கொண்டுவந்தோம் என்று ஒரு கூட்டம் சொன்னது. நீங்கள் வழியிலேயே தின்றுவிட்டு வந்தீர்கள் என்று இன்னொரு கூட்டம் சொன்னது. வாய்ச்சண்டை கடைசியில் கடியில் போய் முடிந்தது. அந்தச் சண்டையில் சடைச்சி என்பவளுக்கு ஒரு கால் போய்விட்டது. அவள் யாரோடும் சண்டைக்குப் போனவள் இல்லை. விலக்கிவிடப் போனவள்.

சடைச்சிக்கு நேர் மூத்தவள் நாச்சி. இருவரும் ஒரே பொழுதில் இடப்பட்ட முட்டைகள். நாச்சி கொஞ்சம் முந்திப் பொரிந்தவள், அவ்வளவுதான். தங்கையின் காயத்தில் ஈர மண்ணை வைத்து அழுத்திக்கொண்டே நாச்சி வெகுநேரம் யோசித்தாள். இவ்வளவும் பேச்சால் வந்தது. யார் சொல்வது உண்மை என்று தெரியாததால் வந்தது. பேச்சே தேவைப்படாத ஒரு வழி இருந்தால் இவள் கால் இவளிடமே இருந்திருக்கும்.

கம்பு அடிக்கும் களத்தில் மனிதர்கள் மரக்காலால் தானியத்தை அளப்பதை அவள் பார்த்திருக்கிறாள். அளக்கும்போது களத்தில் ஒருவரும் சத்தம் போடுவதில்லை. மரக்கால் சொன்னதை இரண்டு பக்கத்தாரும் ஏற்றுக்கொண்டு போனார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் ஆத்தாவிடம் போய்த் தன் யோசனையைச் சொன்னாள். தினமும் சாயங்காலம் குவியலின் உச்சி கீழறைச் சுவரில் எந்த இடத்துக்கு நேராக நிற்கிறதோ, அங்கே ஒரு மண்பொட்டு வைப்பது. நேற்றைய பொட்டுக்கும் இன்றைய பொட்டுக்கும் நடுவில் இருப்பதுதான் இன்றைய வரவு. தூக்கி வருகிறவர்கள் வழியில் நிற்கக் கூடாது, ஒருவரிடம் ஒருவர் பேசக் கூடாது. யார் என்ன சொன்னார்கள் என்பதற்கு இனி இங்கே இடமில்லை. சுவரில் இருப்பதுதான் கணக்கு.

ஆத்தா சம்மதித்தாள். வளையில் அமைதி வந்தது. போகிற வரிசை ஒரு பக்கம், வருகிற வரிசை ஒரு பக்கம், இரண்டும் ஒன்றையொன்று பாராமல் நடந்தன. சண்டை ஒழிந்தது உண்மை. ஐந்து காலோடு காட்டுக்குப் போக முடியாத சடைச்சிக்குக் கீழறையில் தானியம் அடுக்கும் வேலை கிடைத்தது. நாச்சி தினமும் அங்கே வருவாள். குவியலின் மேல் ஏறி, தலையில் இருக்கும் இரண்டு கொம்பாலும் சுவரைத் தடவிப் பொட்டு வைப்பாள். இறங்கும்போது, இன்று எத்தனை நடை வந்தது என்று தங்கையிடம் கேட்பாள். சடைச்சி சொல்வாள். பொட்டும் நடையும் ஒத்துப்போகும். நாச்சி நிம்மதியாக ஆத்தாவிடம் போவாள்.

இப்படியே சில விளைச்சல்கள் போயின. பிறகு அந்தப் பெரிய மழை வந்தது.

வானம் விடாமல் கொட்டியது. காட்டுக்கு யாராலும் போக முடியவில்லை. வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டு எல்லோரும் உள்ளேயே கிடந்தார்கள். வரவு கிடையாது, தின்பது மட்டும்தான். ஆகவே குவியல் இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் நாச்சி கீழே போனாள். ஏறித் தடவிப் பார்த்தால், உச்சி பழைய பொட்டுக்கு மேலே நின்றது.

தவறாகத் தடவிவிட்டோம் என்று இறங்கி மறுபடியும் ஏறினாள். அப்படியேதான் இருந்தது. எதிர்ச்சுவர்ப் பக்கம் போய்ப் பார்த்தாள். அங்கேயும் அப்படித்தான். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

நாச்சி அந்தப் பொட்டின் முன் தயங்கி நின்றாள். யாரும் கொண்டுவராமல் தானியம் எப்படிக் கூடும்? ஆனால் அவள் கொம்பு பொய் சொல்லவில்லை. மனதில் தோன்றுவதையெல்லாம் கணக்கில் சேர்த்தால் பழைய காலம் திரும்பிவிடும் என்று பயந்தாள். முன்பு வைத்த பொட்டில்தான் குறை இருந்திருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, புதிய பொட்டை வைத்தாள். ஆத்தாவிடம் போய், குவியல் உயர்ந்திருக்கிறது என்று சொன்னாள்.

அன்றைக்குத்தான் கம்மாய் உடைப்பெடுத்தது. கரையில் குடியிருந்த எறும்புகள் முட்டைகளைத் தலைமேல் தூக்கிக்கொண்டு, வரப்பு வரப்பாக ஏறி, இவர்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். அவர்களுடைய தாய் வெள்ளத்தோடு போய்விட்டாள். மூத்தவள் ஒச்சம்மாதான் எல்லோரையும் கூட்டி வந்திருந்தாள். மழை விடும்வரை பிள்ளைகளை வைத்துக்கொள்ள ஒரு மூலை கொடுத்தால் போதும், நாங்கள் வெளியிலேயே இருந்துகொள்கிறோம் என்று அவள் கேட்டாள்.

ஆத்தா நாச்சியைப் பார்த்தாள். தாங்குமா என்று கேட்டாள். தாங்கும் என்று நாச்சி சொன்னாள். கணக்குப்படி அது சரியான பதில்.

வந்தவர்கள் உள்ளே வந்தார்கள். அவர்கள் முட்டைகளையும் தன் முட்டைகளோடு சேர்த்து வைக்கச் சொன்னாள் ஆத்தா. எல்லோருக்கும் பங்கையும் கூட்டினாள். மழை தொடர்ந்து பெய்தது. பொட்டுகள் சுவரில் ஏறிக்கொண்டே போயின. வளை தோண்டிய நாளிலிருந்து அப்படி ஒரு உயரத்தைச் சுவர் கண்டதில்லை.

பிள்ளை வளர்க்கும் அறையில் முதலில் கலக்கம் வந்தது. ஊட்டியதைக் குழந்தைகள் துப்பின. வற்புறுத்தி ஊட்டினால் சுருண்டு படுத்தன. சில குழந்தைகள் மறுநாள் அசையவில்லை. அதே சமயம் கீழறைக் கூரையிலிருந்து மண் உதிரத் தொடங்கியது. நாச்சி ஓடிப்போய், முதன்முறையாகச் சுவரை விட்டுவிட்டுக் குவியலைப் பார்த்தாள். குவியல் முழுவதும் வெள்ளை வெள்ளையாக முளை கிளம்பி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கூரையை முட்டி நின்றது. அடியில் கிளறினால் புளித்த நாற்றம். இத்தனை நாளும் தானியம் ஈரத்தைக் குடித்துக் குடித்து ஊதியிருக்கிறது. அவள் அளந்ததில் ஒரு தவறும் இல்லை. அளந்தது அத்தனையும் அங்கேதான் இருந்தது. தின்பதற்கு மட்டும் ஆகாமல் இருந்தது.

விஷயம் பரவியதும் ஒச்சம்மா ஆத்தாவிடம் வந்தாள். உங்கள் பிள்ளைகளுக்கே இல்லாதபோது நாங்கள் இங்கே இருப்பது நியாயமில்லை, கிளம்புகிறோம் என்றாள். அவளுக்குப் பின்னால் அவள் தங்கைகள் முட்டைகளைத் தூக்கத் தயாராக நின்றார்கள்.

"உங்களை உள்ள கூப்பிட்டது நான்," என்றாள் ஆத்தா. "குவியல் எவ்வளவுன்னு கேட்டுக்கிட்டுக் கூப்பிட்டேன், நெசந்தான். இப்பக் குவியல் இல்லைன்னதும் கூப்பிட்டது இல்லைன்னு ஆயிருமா? அந்தப் பிள்ளைகளை இறக்கி வை தாயி."

நாச்சி இதைக் கேட்டுக்கொண்டு நடு அறையின் வாசலோரம் நின்றாள். உள்ளே போகவில்லை. திரும்பிக் கீழறைக்கே போனாள். சடைச்சி அங்கே, பின்னிக் கிடந்த முளைகளைத் தனியாளாகப் பிரிக்க முயன்றுகொண்டிருந்தாள். ஒரு கால் இல்லாததால் இழுக்கும்போதெல்லாம் சரிந்து சரிந்து விழுந்தாள்.

நாச்சி அவளைப் பிடித்து உட்கார வைத்தாள். உனக்கு முன்பே ஏதாவது தெரிந்ததா என்று கேட்டாள்.

"தொட்டா மெத்துன்னு இருந்துச்சுக்கா," என்றாள் சடைச்சி. "பிள்ளைகளுக்குக் கடிக்கச் சுகமா இருக்கும்னு சந்தோசப்பட்டேன். இப்படி ஆகும்னு எனக்கு என்ன தெரியும்?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீ எத்தனை நடைன்னுதான கேப்ப. சொன்னேன்." சடைச்சி பக்கத்தில் கிடந்த ஒரு முளையை இழுத்துப் பிரித்தாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "பேசக் கூடாதுன்னு நீ சொன்னது என் காலுக்காகத்தானக்கா. அதை நான் எப்படி மீறுவேன்?"

நாச்சி இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். தங்கையின் முகத்தில் தன் இரண்டு கொம்பையும் வைத்தாள். சுவரைத் தடவித் தடவிப் பழகிய கொம்பு அது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒரு முகத்தைத் தொட்டது. சடைச்சியின் முகம் களைத்து, ஈரமாக, லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு நாளாக எதுவும் தின்னவில்லை என்பது தொட்டதும் நாச்சிக்குத் தெரிந்துவிட்டது. தன் பங்கைப் பிள்ளை அறைக்கு அனுப்பியிருக்கிறாள்.

நாச்சி எழுந்து நேராக நடைவழிக்குப் போனாள். வாசல் அடைத்திருந்தாலும், அறைக்கு அறை தானியமும் மண்ணும் சுமந்து போகிற வரிசையும் வருகிற வரிசையும் வழக்கம்போலத் தலைகுனிந்து நடந்துகொண்டிருந்தன. நாச்சி வரிசைக்கு நடுவில், எதிர்முகமாகப் போய் நின்றாள்.

முதலில் வந்தவள் திடுக்கிட்டு ஒதுங்கப் பார்த்தாள். நாச்சி விடவில்லை. அவள் முகத்தைத் தொட்டு, நீ என்ன பார்த்தாய் என்று கேட்டாள். கேள்வி அவளுக்குப் புரியவில்லை. எத்தனை நடை என்று சொல்லத் தொடங்கினாள். அது வேண்டாம், நீ போன இடத்தில் என்ன இருந்தது, அதைச் சொல் என்றாள் நாச்சி. அவள் தயங்கித் தயங்கி, வடக்குச் சுவர் பல நாளாகவே வியர்த்துக்கொண்டிருக்கிறது என்று சொன்னாள். சொல்லிவிட்டு, இதையெல்லாமா கேட்கிறாய் என்பது போலப் பார்த்தாள்.

அடுத்தவள் பிள்ளை வளர்ப்பவள். மூத்த குழந்தைகள் மட்டும் துப்பவில்லை, பழைய தானியத்தை மென்று கொடுத்தால் தின்கின்றன என்றாள். பழைய தானியம் எங்கே இருக்கிறது என்று நாச்சி கேட்க, அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த மண் தோண்டுகிறவளுக்குத் தெரிந்திருந்தது. குவியலின் கோடி மூலையில், மேட்டில் கிடப்பது இன்னும் புழுதி பறக்கக் காய்ந்து கிடக்கிறது என்றாள். ஒவ்வொருத்தியிடமும் ஒரு துணுக்கு இருந்தது. ஒருத்தியிடமும் முழுசாக இல்லை. வரிசை நின்று போனதால் பின்னால் இருந்தவர்கள் முன்னால் இருந்தவர்களை முகம் தொட்டு என்னவென்று கேட்க ஆரம்பித்தார்கள். அடைத்து வைத்திருந்த பேச்சு வளை முழுக்க ஓடியது. நாச்சி பயந்தது போல யாரும் யாரையும் கடிக்கவில்லை.

விருந்தாக வந்தவர்களும் வரிசையில் இருந்தார்கள். ஒச்சம்மாவின் முகத்தைத் தொட்டபோது நாச்சிக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள். ஒச்சம்மா சொன்னாள், நாங்கள் கரையில் இருந்தவர்கள், ஈரத்தோடேயே பிறந்து வளர்ந்தவர்கள். முளை கிளம்புகிற மூக்கைக் கடித்துப் போட்டுவிட்டு வெயிலில் காய வைத்தால் தானியம் முளைக்காது, கெடாது. புளித்ததை மட்டும் தள்ளிவிட வேண்டும். உங்கள் குவியலைப் பார்த்ததும் நினைத்தேன், வந்த இடத்தில் வாய் திறக்கலாமா என்று இருந்துவிட்டேன்.

வெயிலுக்கு எங்கே போவது என்று எல்லோரும் யோசித்தபோது, வாசல் அடைப்பைப் பார்த்துக்கொள்பவள் மெல்லச் சொன்னாள். மழை காலையிலேயே விட்டுவிட்டது. வரப்புக்குப் பக்கத்துப் பாறையில் வெயில் அடிக்கிறது. யாரும் கேட்காததால் அவளும் சொல்லவில்லை.

அடைப்பைத் திறந்தார்கள். வளையின் மக்களும் விருந்து மக்களும் சேர்ந்து, புளித்ததை ஒதுக்கி, முளைத்ததன் மூக்கைக் கடித்து, ஒவ்வொரு மணியாகப் பாறைக்குத் தூக்கினார்கள். சடைச்சி வாசலில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு மணியையும் முகர்ந்து பார்த்து, இது ஆகும், இது ஆகாது என்று பிரித்தாள். பொழுது சாய்வதற்குள் நல்லதெல்லாம் பாறையில் பரவிக் கிடந்தது. மேட்டு மூலையில் இருந்த பழைய தானியம் அன்றே குழந்தைகளுக்குப் போயிற்று. அசையாமல் போன குழந்தைகளை மட்டும் திரும்பப் பெற முடியவில்லை. அவர்களை வரப்பின் அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்கள். நாச்சி கூடவே போய்த் திரும்பினாள். வழியெல்லாம் ஒச்சம்மா அவளை உரசினாற்போல நடந்து வந்தாள்.

காய்ந்த தானியத்தைக் கீழறையில் திரும்பக் குவித்தபோது நாச்சி ஏறி அளந்தாள். பொட்டு வைப்பதை அவள் விடவில்லை. உயரம் தெரியாமல் பேச உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதையும் அவள் பார்த்திருந்தாள். ஆனால் முன்பு போல உடனே ஆத்தாவிடம் போகவில்லை. ஆத்தாதான் ஆளனுப்பிக் கூப்பிட்டாள்.

எவ்வளவு இருக்கிறது என்று ஆத்தா கேட்டாள்.

"சுவர்ல பாத்தா பாதிகூட இல்ல ஆத்தா," என்றாள் நாச்சி. "அது அளவு. கணக்கு வேற. யாருக்குப் பசிக்குது, யாரு விட்டுக்கொடுக்கிறா, எது கெடாம நிக்கும், எது நிக்காதுன்னு ஒவ்வொருத்தியா கேட்டாத்தான் போதுமா போதாதான்னு சொல்ல முடியும். இன்னும் கேட்டு முடிக்கல."

"அப்ப போய்க் கேட்டுட்டு வா," என்றாள் ஆத்தா.

நாச்சி நடைவழிக்குப் போனாள். கடைசி ஆளைக் கேட்டு முடிப்பதற்குள் முதல் ஆள் வெளியே போய் வேறொன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அவளிடம் மறுபடியும் கேட்க வேண்டியிருந்தது. தனியாகக் கேட்டால் முடியாது என்று சடைச்சியும் வந்து சேர்ந்துகொண்டாள், அப்புறம் ஒச்சம்மா, அப்புறம் எல்லோரும். அந்த மழைக்காலத்தை அவர்கள் ஒட்டிய வயிற்றோடுதான் கடந்தார்கள். ஆனால் யாரும் பசியால் சாகவில்லை, வந்தவர்களின் முட்டை ஒன்றுகூட வீணாகவில்லை.

அந்த மழை வெறித்த நாளிலிருந்துதான், எவ்வளவு பெரிய சுமையோடு அவசரமாகப் போனாலும், எதிரே இன்னொரு எறும்பு வந்தால் எறும்புகள் ஒரு கணம் நின்று, முகத்தோடு முகம் தொட்டு விசாரித்துவிட்டுப் போகின்றன.