தேன் குலத்துக் கயிறு

இதில் ஒரு சொல் பொய்யென்றால், என் வாயில் மிச்சமிருக்கிற மூன்று பல்லும் இப்போதே விழட்டும்.

எங்கள் முதல் பாட்டன் மலைத்தேன் அடைக்குள்ளிருந்து பிறந்தவன். அவன் வழி வந்த நாங்கள் தேன் குலம். ஒருநாள் கீழ்நாட்டு அரசன் தரணிசிங்கன் பரிவாரத்தோடு மலையேறி வந்தான்.

"நானும் தேன் குலம்தான், அதிலும் மூத்த கிளை. ஆகவே மலை என்னுடையது. நாளைக்கே காலி செய்யுங்கள்" என்றான். அவனுடைய புலவர் ஓலையை விரித்து, மூச்சுவிடாமல் நாற்பது தலைமுறை வாசித்தார்.

எங்கள் பெரியவர்கள் மூட்டை கட்டக் கிளம்பினார்கள். தேனெடுக்கப் புகை போடுகிற கெம்பி மட்டும் முன்னே வந்தாள்.

"மூத்த கிளை வந்தது சந்தோஷம் சாமி. அப்ப இந்த வருஷ முதல் தேனை நீங்கதான் எடுக்கணும். பாறையில கயிறு கட்டி இறங்குங்க. மேலே கயிறு பிடிக்கிறது யாரு?"

"இதென்ன கேள்வி? என் சொந்தத் தம்பி."

கூட்டம் மொத்தமும் சிரித்தது.

"எங்க குலத்துல தம்பி கயிறு பிடிக்க மாட்டான் சாமி. அண்ணன் விழுந்தா எல்லாம் அவனுக்குத்தானே? மச்சான்தான் பிடிப்பான். கையை விட்டா தாலியறுக்கிறது அவன் கூடப்பிறந்தவ. இது எங்க கைக்குழந்தைக்கும் தெரியும்."

அரசன் திரும்பிப் பார்த்தான். தம்பி ஏற்கெனவே கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, "இறங்குங்கள் அண்ணா" என்று பாசமாக நின்றான்.

ஓலையை அங்கேயே போட்டுவிட்டு, வந்த பாதையிலேயே இறங்கினான் அரசன், தம்பியை முன்னால் நடக்கவிட்டு. ஓலை கெம்பியின் புகைக்கு ஆயிற்று.

நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். என் மச்சான் அந்த அரசன் வழியில் வந்தவன். அடுத்த தேனுக்கு என் கயிறு அவன் கையில்.